எடை குறைப்பு கோடை முகாம்: உங்கள் பிள்ளைக்கு ஏற்றதா?

முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் கோடை முகாம் விளம்பரங்கள் நம் கைப்பேசிகளுக்கு வரத் தொடங்கிவிடுகின்றன. நீச்சல், சிலம்பம், கணினி என்றிருந்த முகாம்களுடன் இப்போது பிள்ளைகளின் உடல் எடையைக் குறைக்கும் முகாம்களும் சேர்ந்துள்ளன. சற்றுப் பருமனான பிள்ளை உள்ள வீட்டில், "இதில் சேர்த்துவிட்டால் என்ன?" என்ற எண்ணம் வருவது இயல்பு. பணம் கட்டுவதற்கு முன் பெற்றோர் கவனிக்க வேண்டியவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்

பார்வைக்குக் குண்டாகத் தெரிவதை வைத்து முடிவுக்கு வரக் கூடாது. பெரியவர்களுக்கான அளவுகோல் வளரும் பிள்ளைகளுக்குப் பொருந்தாது. 5 முதல் 18 வயது வரையிலான இந்தியப் பிள்ளைகளுக்கென இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2015-ல் வளர்ச்சி அட்டவணைகளை வெளியிட்டுள்ளது. உங்கள் குழந்தை மருத்துவர் அதில் குறித்துப் பார்த்து நிலைமையைச் சொல்வார். பல பிள்ளைகளுக்கு எடையைக் குறைக்க வேண்டிய அவசியமே இருக்காது. மேலும் கூடாமல் பார்த்துக்கொண்டால், உயரம் வளர வளர உடல் தானாகச் சீராகிவிடும்.

கழுத்தின் பின்புறம் கறுத்துத் தடித்திருப்பது, தூக்கத்தில் பலத்த குறட்டை, முட்டி அல்லது இடுப்பு வலி, சிறிது நடந்தாலே மூச்சு வாங்குவது ஆகியவை இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். இவற்றுக்கு மருத்துவம் பார்த்த பிறகே முகாமைப் பற்றி யோசிக்க வேண்டும்.

பிள்ளை என்ன சொல்கிறது?

பருமனான பிள்ளைகள் பள்ளியில் கேலிக்கு ஆளாகிறார்கள். பல வீடுகளில் உறவினர்களும் செல்லமாக என்று நினைத்து "குண்டு" என்றே கூப்பிடுகிறோம். அந்தப் பிள்ளையை விருப்பமில்லாமல் முகாமுக்கு அனுப்பினால், தன்னைத் தண்டிக்கிறார்கள் என்றே அது நினைக்கும். என்ன செய்யப் போகிறார்கள், எத்தனை நாள், யாருடன் தங்குவது என்பதை விளக்கிச் சொல்லி, அதன் பதிலைக் கேளுங்கள். வெளியே தங்கிப் பழகாத சிறு பிள்ளை என்றால், காலையில் போய் மாலையில் திரும்பும் முகாமே நல்லது. சாப்பாட்டைத் தவிர்ப்பது, ஒளித்து வைத்துச் சாப்பிடுவது, சாப்பிட்டதை வாந்தி எடுப்பது போன்ற பழக்கங்கள் இருந்தால் முகாம் வேண்டாம். உடனே மருத்துவரைப் பாருங்கள்.

முகாம் நடத்துவோரிடம் கேட்க வேண்டியவை

1. சேர்க்கும் முன் மருத்துவப் பரிசோதனை உண்டா? அவசரத்துக்கு மருத்துவர் யார்?

2. உணவுப் பட்டியலைத் தயாரிப்பவர் படித்த உணவியல் நிபுணரா? மூன்று வேளையும் வயிறு நிறையச் சாப்பாடு உண்டா? இறைச்சி ஹலாலா?

3. உடற்பயிற்சி எந்த நேரத்தில்? மே மாத வெயிலில் நண்பகலில் ஓட விடும் முகாம் ஆபத்தானது. போதிய தண்ணீரும் ஓய்வும் இருக்க வேண்டும்.

4. எல்லோர் முன்னிலையிலும் எடை பார்ப்பார்களா? முன்-பின் படங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்துவார்களா? இரண்டுக்கும் சம்மதிக்காதீர்கள்.

5. இரவில் பிள்ளைகளுடன் இருப்பவர் யார்? பெண் பிள்ளைகளுக்குப் பெண் பயிற்சியாளர்கள் உண்டா? நீச்சலில் முழு உடை அணியலாமா? தொழுகைக்கு நேரமும் இடமும் கிடைக்குமா? பிள்ளை நினைத்த நேரத்தில் வீட்டுக்குப் பேசலாமா?

6. முகாம் முடிந்த பிறகு தொடர்ந்து கவனிப்பார்களா?

"பத்து நாளில் ஐந்து கிலோ" என்று வாக்குறுதி தருபவர்களையும், மாவு, மாத்திரை விற்பவர்களையும் விட்டு விலகுங்கள்.

வீடு மாறாவிட்டால்?

அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2023-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், குடும்பத்தையும் சேர்த்துக்கொண்டு 3 முதல் 12 மாதங்களுக்குள் குறைந்தது 26 மணி நேரம் நேரடிப் பயிற்சி அளிக்கப் பரிந்துரைக்கிறது. இரண்டு வார முகாம் ஒரு தொடக்கமாக மட்டுமே இருக்க முடியும். அங்கே கற்றுக்கொண்டதை வீட்டில் தொடராவிட்டால் குறைந்த எடை திரும்ப ஏறிவிடும்.

ஒரு பிள்ளைக்கு மட்டும் தனிச் சாப்பாடு வைத்து, மற்றவர்கள் அதன் எதிரே பிரியாணி சாப்பிடுவது சரியல்ல. மாற்றம் வீட்டில் அனைவருக்கும் வர வேண்டும். மாலைத் தேநீருடன் தினமும் சமோசா, பஜ்ஜி என்பதை வாரம் ஒரு நாளாக்கலாம். குளிர்பானமும் சர்பத்தும் இருந்த இடத்தில் தண்ணீரும் மோரும் வைக்கலாம். சஹனில் சேர்ந்து சாப்பிடும்போது யார் எவ்வளவு சாப்பிட்டார் என்பது தெரிவதில்லை; எனவே அளவைப் பெரியவர்கள் கவனிக்க வேண்டும். 5 முதல் 17 வயது வரையிலானவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடலை நன்கு அசைக்கும் விளையாட்டோ பயிற்சியோ தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஃபஜ்ர் தொழுகைக்குப் பின் வாப்பாவுடன் நடை, மாலையில் தெருப் பிள்ளைகளுடன் பந்து என்றாலே இது நிறைவேறிவிடும். இதற்குக் கட்டணமும் இல்லை.

இவற்றையெல்லாம் செய்யத் தயாராக உள்ள குடும்பத்துக்கு, பிள்ளையும் விரும்பினால், நல்ல முகாம் உதவியாக இருக்கும். முகாம் முடிந்து வரும் பிள்ளையிடம் "எத்தனை கிலோ குறைந்தது?" என்று வாசலிலேயே கேட்காதீர்கள். "என்னென்ன விளையாடினாய்?" என்று கேளுங்கள். மறுநாள் மாலை அதே விளையாட்டை அதனுடன் சேர்ந்து விளையாடுங்கள்.