தகப்பனுக்கும் பிள்ளைக்கும் ஒரே கோப்பு

சிறுவர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 1991 ஜூலை 12 இல் ஏற்று உறுதிசெய்தது. ஆனையிறவில் அப்போது பெருஞ்சண்டை நடந்துகொண்டிருந்தது; யாழ்ப்பாணத்தில் அந்தச் செய்தியை நின்று கேட்க யாருக்கும் நேரம் இருந்திருக்காது. இன்று சாராயத்துக்கும் கசிப்புக்கும் ஹெரோயினுக்கும் ஐஸுக்கும் அடிமைப்பட்டவர்களின் பிள்ளைகளைப் பற்றி முடிவெடுக்கும்போது நாம் திறந்து பார்க்கவேண்டியது அந்தச் சமவாயத்தைத்தான். அதன் சில உறுப்புரைகளின் பொருளை என் சொல்லில் தந்து விளக்குகிறேன். இலக்க வரிசையில் போகவில்லை. எதை முதலில் செய்யவேண்டுமோ அதை முதலில் வைத்திருக்கிறேன்.

உறுப்புரை 18, பிரிவு 2: பிள்ளை வளர்க்கும் பொறுப்பை நிறைவேற்றப் பெற்றோருக்கு அரசு தகுந்த உதவி வழங்க வேண்டும்.

இங்கே பெற்றோர் என்றால் எல்லாப் பெற்றோரும்தான். குடிக்கிற தகப்பனுக்கு உதவி இல்லை என்று இந்த உறுப்புரையில் எங்கும் இல்லை. ஆனால் எங்கள் ஊரில் அவனுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஏச்சும் அடியும், கடைசியில் கோயிலில் ஒரு சத்தியமும்தான். சத்தியத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதில் ஓர் ஆபத்து இருக்கிறது. வருடக்கணக்காக நாளாந்தம் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், இரண்டு மூன்று நாளுக்குள் கை நடுங்கும், வலிப்பு வரலாம், இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியலாம். சிலருக்கு உயிரே போகும். வீட்டுக்காரர் பேய் பிடித்ததென்று நினைப்பார்கள், அல்லது பயந்து மறுபடி ஊற்றிக் கொடுப்பார்கள். அவர் அப்போது இருக்கவேண்டிய இடம் ஆஸ்பத்திரி. யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளமருத்துவப் பிரிவுகள் உண்டு. மருந்தும் உயிர்ச்சத்து பி1 உம் கொடுத்து அந்த நாட்களைக் கடக்கவைப்பது அங்கே வழமையான வேலை.

கடினமான பகுதி வீடு திரும்பிய பிறகுதான் தொடங்குகிறது. அதே கடன், அதே கூட்டாளிகள், அதே தவறணை. மறுபடி ஒருமுறை விழுந்தால் “இவன் திருந்தமாட்டான்” என்று எல்லோரும் கைவிடுகிறார்கள். மீண்டும் விழுவது இந்த நோயில் சாதாரணம். சிகிச்சை தோற்றதற்கு அதை அடையாளமாகக் கொள்ளக்கூடாது. போரின் மனக்காயங்களை யாழ்ப்பாணத்திலேயே இருந்து பல்லாண்டு ஆராய்ந்த உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், பெருகிய குடியையும் அந்தக் காயங்களின் விளைவுகளில் ஒன்றாகக் காட்டியிருக்கிறார். அதனால் இதைத் தனியொருவனின் குணக்கேடு என்று மட்டும் பார்ப்பது சரியல்ல.

உறுப்புரை 9, பிரிவு 1: பிள்ளையின் நலனுக்கு அவசியம் என்று, நீதிமன்ற மீளாய்வுக்கு உட்பட்டு, உரிய அதிகாரிகள் தீர்மானித்தாலன்றிப் பெற்றோரிடமிருந்து பிள்ளையைப் பிரிக்கக்கூடாது.

“அவசியம்” என்பதை எப்படி அளப்பது? தகப்பன் எவ்வளவு குடிக்கிறார் என்பதைவிட, பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்பதே அளவாக வேண்டும். ஒன்பது வயதுப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். பின்னேரம் ஒழுங்கைக்குள் சைக்கிள் வரும் சத்தம் கேட்டதும் அவன் படிப்பதை நிறுத்துகிறான். ஸ்ராண்ட் ஒரே தரத்தில் விழுந்தால் இன்று பயமில்லை. சைக்கிள் வேலியில் சாய்ந்து சரிந்தால், தங்கச்சியின் கொப்பிகளை எடுத்துக்கொண்டு, அவளையும் கூட்டி அடுத்த வீட்டு மாமி வீட்டுக்கு ஓடவேண்டும். மறுநாள் வகுப்பில் தூங்குகிறான். ரீச்சர் அவனைக் கவனமில்லாத பிள்ளை என்கிறார். அடிகாயம் இல்லை, பட்டினியும் இல்லை. ஆனாலும் இந்தப் பிள்ளைக்கு உதவி தேவை. அவனைப் பிரிப்பது அவசியமா? பெரும்பாலும் இல்லை. அடி, பாலியல் துன்புறுத்தல், உயிராபத்து என்றால் அன்றைக்கே பிரிக்கவேண்டும்; அதில் இரக்கத்துக்கோ “குடும்ப மானம்” என்ற பேச்சுக்கோ இடமில்லை.

எங்கள் நாட்டில் இந்த முடிவு 1939 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்தின்கீழ் நீதவானிடம் போகிறது. அந்தப் பழைய சட்டமே பல வழி விட்டிருக்கிறது: பிள்ளையை உறவினரிடமோ தகுந்த வேறொருவரிடமோ ஒப்படைக்கலாம், நன்னடத்தை உத்தியோகத்தரின் மேற்பார்வையில் வைக்கலாம். சிறுவர் இல்லம் ஒன்றே வழி என்று அதில் இல்லை.

லண்டனில் 2008 இல் நீதிபதி நிக்கலஸ் கிரிச்ரன் தொடங்கிய குடும்பப் போதை நீதிமன்றத்தை இங்கே சொல்லவேண்டும். பெற்றோர் இரண்டு கிழமைக்கொருமுறை ஒரே நீதிபதியைச் சந்தித்துப் பேசுவார்கள். சிகிச்சைக் குழு நீதிமன்றத்தோடு சேர்ந்தே இயங்கும். உண்மையைச் சொன்னால் பிள்ளை பறிபோகும் என்று பயப்படுகிற தாய் எதையும் மறைப்பாள். சொன்னால் உதவி வரும் என்று தெரிந்தால்தான் வாய் திறப்பாள். இதை இங்கே செய்யப் புதிய கட்டடம் தேவையில்லை. பிரதேச செயலகத்தில் நன்னடத்தை உத்தியோகத்தர், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், உளமருத்துவப் பிரிவைச் சேர்ந்த ஒருவர் ஆகியோர் மாதமொருமுறை ஒரே மேசையில் இருந்து, தகப்பனின் சிகிச்சையையும் பிள்ளையின் நிலைமையையும் ஒரே கோப்பில் எழுதினால் போதும்.

உறுப்புரை 9, பிரிவு 3: பிரிக்கப்பட்ட பிள்ளைக்குப் பெற்றோரோடு ஒழுங்காகத் தொடர்பு வைத்திருக்கும் உரிமை உண்டு, பிள்ளையின் நலனுக்கு மாறானால் மட்டும் விலக்கு.

உரிமை பிள்ளையினுடையது. தகப்பன் வெறியில் வந்தால் அன்றைய சந்திப்பை நிறுத்தலாம், தொடர்பையே வெட்டக்கூடாது. அடுத்த நாளைக் குறித்துக் கொடுத்து அனுப்பவேண்டும். அதைப் பிள்ளைக்கும் சொல்லவேண்டும்.

உறுப்புரை 20: குடும்பச் சூழலை இழந்த பிள்ளைக்கு மாற்றுப் பராமரிப்பு வழங்க வேண்டும்; மொழி, சமயம், பண்பாடு அறுந்துபோகாமல் கவனிக்க வேண்டும். நிறுவனத்தில் சேர்ப்பது, தேவையென்றால் மட்டும்.

இலங்கையில் சிறுவர் இல்லங்களில் இருப்பவர்களில் பெரும்பாலானோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார். யாழ்ப்பாணத்தில் இல்லத்துக்கு முன்னால் பெரும்பாலும் ஓர் அம்மம்மா நிற்கிறார். “என்னட்ட விடுங்கோ, நான் பாக்கிறன்” என்பார். அவருக்கு முழங்கால் நோ. வருமானமென்றால் வெளிநாட்டிலிருந்து எப்போதாவது வரும் காசு. அவரை நம்பிப் பிள்ளையைக் கொடுக்கும் அரசு, பிள்ளையின் சாப்பாட்டுக்கும் பள்ளிச் செலவுக்கும் மாதாந்தம் ஒரு தொகையும் கொடுக்கவேண்டும். இல்லத்தில் வைக்கவும் அரசுக்குச் செலவுதானே.

உறுப்புரை 33: சட்டவிரோதப் போதைப்பொருள் பாவனையிலிருந்து பிள்ளைகளைக் காக்க வேண்டும்.

இந்த உறுப்புரையில் எனக்குக் குறை உண்டு. மதுவை இது பெயர் சொல்லிச் சேர்க்கவில்லை. அதனால் பொலிஸ் சோதனையும் செய்தித் தலைப்பும் ஐஸைச் சுற்றியே ஓடுகின்றன. அனுமதிப்பத்திரம் உள்ள சாராயக்கடையால் குலையும் வீடு எவர் கணக்கிலும் இல்லை. அந்த வீட்டுப் பிள்ளைக்குக் கைகொடுப்பது, புறக்கணிப்பிலிருந்து காக்கும் 19 ஆம் உறுப்புரைதான்.

உங்கள் ஒழுங்கையில் அப்படி ஒரு வீடு இருந்தால், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கு எடுங்கள். பிள்ளைக்கு நடப்பதைச் சொல்லும்போது, தகப்பனுக்கும் சிகிச்சை வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவரோடு பேசக்கூடியவர் நீங்களென்றால், தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்தையும் அவருக்குக் கொடுங்கள்.