தாரமங்கலம்

தாரமங்கலம் சேலம் மாவட்டம் ஓமலூர் வட்டத்தில் உள்ள சிறிய நகராட்சி. ஓமலூரிலிருந்து சங்ககிரி செல்லும் சாலையில் அமைந்துள்ளது. மேற்கே ஜலகண்டாபுரமும் தென்மேற்கே எடப்பாடியும் உள்ளன. ஊரின் பெயர் வெளியே பரவியது கைலாசநாதர் கோயிலால்.

வரலாறு

மதுரை நாயக்கர் காலத்தில் இப்பகுதியை ஆண்டவர்கள் கெட்டி முதலிகள். அருகிலுள்ள அமரகுந்தி இவர்களது தலைநகர். மைசூர் எல்லையை ஒட்டிய பாளையம் என்பதால் வடக்கிலிருந்து வந்த படையெடுப்புகளை முதலில் எதிர்கொள்ள வேண்டியிருந்தது. கண்டீரவ நரசராஜ உடையார் (1638–1659), அவருக்குப் பின் தொட்ட தேவராஜ உடையார் (1659–1673) ஆகியோரின் படையெடுப்புகளில் கெட்டி முதலிகளின் ஆட்சி சரிந்தது.

கைலாசநாதர் கோயில்

பழைய சிவத்தலமான இக்கோயில் இன்றைய வடிவைப் பெற்றது கெட்டி முதலிகளின் திருப்பணியால். மும்முடி, சீயாழி, வணங்காமுடி என மூன்று தலைமுறையினர் இதைக் கட்டி முடித்ததாகக் கோயில் மரபு கூறுகிறது. மேற்கு நோக்கிய இக்கோயிலின் ஐந்து நிலை ராஜகோபுரத்தின் அடித்தளம், குதிரைகளும் யானைகளும் இழுக்கும் தேராகச் செதுக்கப்பட்டுள்ளது.

சிற்பத்திறன் உச்சம் தொடுவது மகாமண்டபத்தில். யாளியின் வாய்க்குள் இருக்கும் கல் உருண்டையை விரலால் சுழற்றலாம். பற்களைத் தாண்டி வெளியே எடுக்க முடியாது. உருண்டையைத் தனியே செய்து உள்ளே வைக்கவில்லை. யாளியைச் செதுக்கிய அதே கல்லிலேயே குடைந்து பிரித்திருக்கிறார்கள். ஒரு தூணில் வாலியும் சுக்ரீவனும் போரிட, மற்றொரு தூணில் இராமன் வில்லேந்தி நிற்கிறான். இராமன் நிற்கும் இடத்திலிருந்து வாலி தெரிவான். வாலியின் பக்கமிருந்து பார்த்தால் இராமன் தெரியமாட்டான். மறைந்து நின்று அம்பெய்த கதையைச் சிற்பி தூண்களின் இடவமைப்பிலேயே சொல்லிவிட்டார். கற்சங்கிலிகளும், விதானத்துத் தாமரையைச் சுற்றித் தொங்கும் கிளிகளும் குறிப்பிடத்தக்கவை. மாசி மாதத்தில் சில நாட்கள் மாலை வெயில் மூலவர்மேல் விழும்.

பிற சின்னங்கள்

கைலாசநாதர் கோயிலின் இன்றைய கட்டடங்களைவிடப் பழமையானது ஊரிலுள்ள இளமீஸ்வரர் கோயில். எண்கோண வடிவத் தெப்பக்குளமும் உண்டு. அதன் ஒரு சுவரில் எறிந்த கல் எட்டுச் சுவர்களிலும் பட்டு எறிந்தவரிடமே திரும்பும் என்பது ஊர் வழக்கு.

தொழிலும் நிர்வாகமும்

சுற்றுவட்டார ஊர்களைப் போலவே இங்கும் நெசவு முக்கியத் தொழில். கைத்தறிப் பட்டுடன் விசைத்தறியும் ஓடுகிறது. நீண்டகாலம் பேரூராட்சியாக இருந்த தாரமங்கலம், 2021இல் நகராட்சியாகத் தரம் உயர்த்தப்பட்டது.