சத்திரம் கட்டினோர் இட்ட இரு கணக்குகள்

விருந்தோம்பலுக்கெனத் தனி அதிகாரமே வகுத்தருளினார் திருவள்ளுவப் பெருந்தகை. வழிப்போக்கருக்குத் திண்ணையில் இடமும் ஒருவேளைச் சோறும் அளிப்பது இல்லறத்தார் கடமையென்று தமிழ்நாட்டில் போற்றப்பட்டது. எனினும் காசிக்கும் இராமேசுவரத்துக்கும் கால்நடையாகச் செல்லும் அடியார் கூட்டம் பெருகியபோது, ஊரார் திண்ணைகள் போதவில்லை. அந்தக் குறையை நீக்க எழுந்தவையே மடங்களும் சாவடிகளும் சத்திரங்களும் ஆகும். கிணறும் தோப்பும் சூழ, நடுவே செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய விருந்தினர் இல்லம் என்று சத்திரத்தைச் சுருக்கமாகக் கூறலாம். அவற்றைக் கட்டிய மன்னர்களையும் அரசியரையும் புகழ்ந்து எழுதியோர் பலர். அவற்றுக்கு எவ்வாறு பொருள் ஒதுக்கினர் என்பதை ஆராய்ந்து எழுதியோர் சிலரே.

சத்திரத்துக்கு இரு கணக்குகள் உண்டு. ஒன்று கட்டும் கணக்கு. மற்றொன்று காக்கும் கணக்கு.

கட்டும் கணக்கில் முதலிடம் பெறுவது கிணறு. சுண்ணாம்பு குழைக்கவும் சுவருக்கு நீர் பாய்ச்சவும் பயன்பட்ட அதே கிணறு, பின்னர் விருந்தினரின் தாகம் தீர்க்கவும் தோப்பை வளர்க்கவும் பயன்படும். அடுத்தது செங்கல். களிமண்ணைவிடச் சூளைக்கு வேண்டிய விறகே செலவு மிக்கது. அதற்கடுத்தது சுண்ணாம்பு. கிளிஞ்சலையோ சுண்ணாம்புக் கல்லையோ காளவாயில் சுட்டு, நீற்றி, மணலுடன் அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் வார்த்துப் பக்குவப்படுத்துவர். இது அவசரத்தில் முடியும் வேலையன்று. ஆகவே பணம் முழுவதையும் ஒரே நாளில் கையில் வைத்திருக்க வேண்டிய தேவையும் இல்லை. பருவந்தோறும் சிறிது சிறிதாகச் செலவிட வழியிருந்தது. மேல்தளத்துக்கு மர உத்திரங்களும், அவற்றின்மேல் மெல்லிய செங்கற்களும், சுண்ணாம்புக் காரையும் வேண்டும். கொத்தனார், தச்சர், சிற்றாள் ஆகியோர் கூலியுடன் கட்டும் கணக்கு முடிவுறும்.

காக்கும் கணக்குக்கோ முடிவு இல்லை. காரைத்தளம் வெயிலில் வெடிக்கும், மழையில் ஒழுகும். பறவை இட்ட ஆலம் விதையும் அரசம் விதையும் சுவர் இடுக்கில் முளைத்து, சில ஆண்டுகளில் சுவரையே பிளந்துவிடும். கூட்டுபவர், நீர் இறைப்பவர், சமைப்பவர் ஆகிய அனைவருக்கும் ஆண்டுதோறும் ஊதியம் வேண்டும். விளக்கெண்ணெயும் பாயும் பானையும் தீரத் தீர வாங்கப்பட வேண்டும்.

இதனைச் சோழர் காலத்தவர் செவ்வனே உணர்ந்திருந்தனர் என்பதற்குக் கல்வெட்டுகளே சான்று. காஞ்சிபுரத்தை அடுத்து, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில் வேங்கடேசப் பெருமாள் ஆலயம் உள்ளது. அங்கே வீரராசேந்திர சோழன் (1063-1070) காலத்துக் கல்வெட்டு ஒன்று, ஆலயத்தைச் சார்ந்த கல்விச்சாலை, மாணவர் விடுதி, வீரசோழன் ஆதுலசாலை என்னும் மருத்துவமனை ஆகியவற்றின் செலவை இனம் இனமாகப் பட்டியலிடுகிறது. மாணவர் படுக்கப் பாய், இரவில் எரிக்க விளக்கெண்ணெய், சனிக்கிழமை நீராட்டுக்கு எண்ணெய் ஆகியவற்றுக்கும் ஒதுக்கீடு உண்டு. ஆதுலசாலையில் நோயாளிகளுக்குப் படுக்கை பதினைந்து. மருத்துவருக்கும் அறுவை செய்வோருக்கும் மட்டுமின்றி, மூலிகை கொணர்வோர், பணிப்பெண்டிர், நாவிதர், நீர் வார்ப்போர் ஆகியோர்க்கும் படி அளக்கப்பட்டது. கட்டடத்தைப் பற்றியன்று, கட்டடத்துக்குள் நிகழும் அன்றாடப் பணியைப் பற்றியே அக்கல்வெட்டு விரிவாகப் பேசுகிறது.

இச்செலவுகளுக்கு நிலமோ, வட்டிக்கு விடப்பட்ட காசோ முதலாக நின்றது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை, வட்டியாகக் காணப்படுகிறது. அவ்விகிதப்படி ஆண்டுக்குப் பத்துக் காசு தேவைப்படும் அறத்துக்கு எண்பது காசு முதலாக வைக்கப்பட வேண்டும். வட்டியைச் செலவிடலாம், முதலைத் தொடலாகாது. இந்நாட்டு ஆலயங்களிலும் கும்பாபிஷேகத் திருப்பணிக்கு வரும் சிற்பிகளும், திருவிழாவுக்கு வரும் ஓதுவாரும், நாதசுர வித்வான்களும் தங்க அறை கட்டுவதுண்டு. அவ்வேளையில் வரையப்படும் எஸ்டிமேட்டில் செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் தனித்தனி வரிகள் இருக்கும். பாய்க்கும் விளக்குக்கும் கூட்டுபவர் ஊதியத்துக்கும் ஒரு வரி இருக்கிறதா என்று பார்ப்பது நலம்.

காக்கும் கணக்கு கைவிட்டுப் போகும் நிலை தஞ்சையில் ஒருமுறை ஏற்பட்டது. மராட்டிய மன்னர்கள் இராமேசுவரம் செல்லும் பாதை நெடுகிலும் சத்திரங்களை எழுப்பி, அவற்றுக்கென விளைநிலங்களை மானியமாக விட்டிருந்தனர். 1798-இல் அரியணை ஏறிய இரண்டாம் சரபோஜி மன்னர், மறு ஆண்டே ஓர் உடன்படிக்கையின் மூலம் நாட்டின் ஆட்சியைக் கிழக்கிந்தியக் கம்பெனியாரிடம் ஒப்படைக்க நேர்ந்தது. கோட்டையும் ஆண்டுதோறும் ஒரு தொகையும் மட்டுமே அவர்வசம் எஞ்சின. படையும் வரியும் போயின. ஆயினும் சத்திரங்கள் தம் கையைவிட்டுப் போவதை அவர் பொறுக்கவில்லை.

1801-இல் தஞ்சையிலிருந்த ஆங்கிலேய அதிகாரி டோரின் என்பவருக்கு அவர் எழுதிய கடிதம், தமிழக அறச்சாலை வரலாற்றில் தலைசிறந்த ஆவணம் எனலாம். சத்திரத்துக்கு வருவோர் எந்தச் சாதியினராயினும் வரவேற்கப்படுகின்றனர். விரும்புவோர்க்குச் சோறு அளிக்கப்படுகிறது. மற்றையோர்க்கு அரிசியும் மளிகையும் சமைக்கப் பானையும் வழங்கப்படுகின்றன. நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் உண்ணாதோர் அழைக்கப்படுகின்றனர். குழந்தைகளுக்குப் பால் உண்டு. கருவுற்ற பெண்டிர்க்குப் பிரசவ உதவி உண்டு. நோயுற்றோர்க்கு மருத்துவம் உண்டு. அங்கேயே உயிர் நீத்தவர்க்கு அவரவர் குல வழக்கப்படி இறுதிக் கடனும் செய்யப்படுகிறது. மன்னர் தம் பெருமையைச் சொல்லவில்லை. மண்டபத்தின் அழகையும் சொல்லவில்லை. செலவினங்களையே ஒவ்வொன்றாக எடுத்துரைத்து, இவற்றுள் எதை நிறுத்தலாம் என்று கேளாமல் கேட்கிறார். அவர் முயற்சி வீண்போகவில்லை. சத்திரங்கள் தொடர்ந்து நடைபெற்றன.

அதே காலத்தில் எழுந்ததுதான் ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரம். மன்னரின் அன்புக்குரியவராக விளங்கிய முக்தாம்பாள், தம் இறுதிக் காலத்தில் தம் பெயரால் ஓர் அன்னசத்திரம் அமைய வேண்டுமென்று கேட்டுக் கொண்டதாகக் கூறுவர். அதற்கிணங்க 1802-இல் அது நிறைவுற்றது. தஞ்சையிலிருந்து பட்டுக்கோட்டை செல்லும் சாலையில், யானைகளும் குதிரைகளும் இழுத்துச் செல்லும் தேர்போல் சிற்பங்கள் அமைந்த முகப்புடன் அது விளங்கியது. ஊருக்கும் முக்தாம்பாள்புரம் என்னும் பெயர் வழங்கலாயிற்று. வழிப்போக்கருக்கு உணவும் உறையுளும் அளித்ததோடு, பிள்ளைகள் பயிலப் பள்ளியும் அதனுள் இயங்கியது. பிற்காலத்தில் மன்னரும் பெரும் பரிவாரத்துடன் காசி யாத்திரை மேற்கொண்டு, பிற ஊர்களில் தங்கிச் செல்லும் யாத்திரிகரானார்.

1855-இல் தஞ்சை மராட்டிய அரசின் கடைசி மன்னர் ஆண் வாரிசின்றி மறைந்தார். காலப்போக்கில் சத்திரங்கள் அரசின் மேற்பார்வைக்கு வந்தன. 1861-இல் நாகப்பட்டினத்துக்கும் தஞ்சைக்கும் இடையே இரயில் ஓடத் தொடங்கியது. 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. நாட்கணக்கில் நடந்த யாத்திரிகர்கள் மணிக்கணக்கில் சென்று சேர்ந்தனர். பினாங்கிலிருந்து கப்பலேறி நாகப்பட்டினத்தில் இறங்கிய மலாயாத் தமிழரும் அங்கிருந்து இரயிலில் ஊர் செல்ல வழி பிறந்தது. நடைவழிச் சத்திரங்களுக்கு விருந்தினர் குறைந்தனர்.

விருந்தினர் குறைந்தாலும் நிலம் விளைந்தது, வருவாய் நின்றபாடில்லை. அப்பணம் கல்விக்குத் திரும்பியது. ஒரத்தநாடு, இராசாமடம் ஆகிய இடங்களில் மாணவர் விடுதிகள் சத்திர வருவாயில் நடைபெற்றன. 1920-களில் தஞ்சை ஜில்லா போர்டுத் தலைவராக இருந்த சர் ஏ. டி. பன்னீர்செல்வம், ஒரு வகுப்பாருக்கு மட்டுமே உரியனவாய்ச் சுருங்கிக் கிடந்த அவ்விடுதிகளைப் பிற வகுப்பு மாணவர்க்கும் திறந்துவிட்டார். எல்லாச் சாதியினரும் வரவேற்கப்படுகின்றனர் என்று சரபோஜி மன்னர் எழுதி அப்போது நூறாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. இடையில் கணக்கு காக்கப்பட்டது. கடிதத்தின் கருத்து மறக்கப்பட்டிருந்தது.

அச்சத்திரக் கட்டடங்களுள் பல இன்று காரை உதிர்ந்து நிற்கின்றன. அவற்றுக்கென எழுதி வைக்கப்பட்ட நிலங்களின் கணக்கைப் பார்ப்பதற்கென்றே தஞ்சாவூரில் மாவட்ட ஆட்சியரின் கீழ்ச் சத்திரம் நிர்வாகம் என்னும் தனி அலுவலகம் அமைந்துள்ளது.