ஒட்டிய கன்னமும் 130 வருஷ ஊசிக் கதையும்

மகள் கல்யாணத்துக்காக அக்கா மஸ்கட்டில் இருந்து வந்தாள். நெடும்பாசேரியில் இறங்கி, கலூரில் என் வீட்டில் தங்கி, கல்யாண வேலை தொடங்கும்போது கோவில்பட்டி போவதாக ஏற்பாடு. முதல் நாள் ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் கேட்டாள்.

"டேய், கன்னத்துல ஊசி போட்டு நிரப்புறாங்களாமே. இங்க நல்ல டாக்டர் யாராச்சும் இருக்காங்களா?"

சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. இரண்டு வருஷத்துக்கு முன் சர்க்கரை என்று தெரிந்ததும் கட்டுப்பாடாக இருந்து 15 கிலோ குறைத்தவள். டாக்டருக்கு ரொம்ப சந்தோஷம். ஆனால் முகத்துச் சதையும் சேர்ந்து போய் கன்னம் ஒட்டிவிட்டது. எந்த விசேஷ வீட்டுக்குப் போனாலும் "ஏன் இப்படி இளைச்சுட்ட? உடம்புக்கு என்ன?" என்ற கேள்விதான். நம்ம ஆட்கள் இதை அக்கறை என்று நினைத்துத்தான் கேட்கிறார்கள். கேட்கப்படுகிறவருக்குத்தான் கஷ்டம் தெரியும்.

"எனக்கு வயசு குறைய வேண்டாம்டா. கல்யாணத்துக்கு வர்ற நானூறு பேருக்கும் உடம்பு நல்லாத்தான் இருக்குன்னு பதில் சொல்லிட்டு நிக்க முடியாது. ஆனா செஞ்ச மாதிரி தெரியக் கூடாது."

செய்ய வேண்டும், ஆனால் செய்த மாதிரி தெரியக் கூடாது. இந்த ஆசைக்கு எத்தனை வயது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஃபில்லர் என்று இன்று சொல்கிறோமே, அதன் கதை 1893ல் ஜெர்மனியில் தொடங்குகிறது. நாய்பர் என்ற அறுவை மருத்துவர், எலும்பு நோயால் முகத்தில் குழிந்துபோன வடுவை நிரப்ப, அதே நோயாளியின் கையில் இருந்து கொழுப்பை எடுத்து வைத்தார். அழகுக்காக அல்ல. நோய் எடுத்துக்கொண்டு போனதைத் திருப்பிக் கொடுப்பதற்காக. நோக்கமும் சரி, பொருளும் சரி. ஆனால் வைத்த கொழுப்பில் எவ்வளவு தங்கும், எவ்வளவு கரையும் என்று சொல்ல முடியாது. அந்தச் சிக்கல் இன்றைக்கும் முழுதாகத் தீரவில்லை.

கரையாத பொருள் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அடுத்து யோசித்தார்கள். 1899ல் வியன்னாவில் கெர்சுனி என்ற மருத்துவர், காசநோயால் விதையை இழந்த ஒருவருக்கு அந்த இடத்தில் உருக்கிய வாசலினை ஊசியால் ஏற்றினார். பார்க்க இயல்பாக இருந்தது. செய்தி பரவியதும் வாசலினும் பாரஃபின் மெழுகும் மூக்குக்கும் கன்னத்துக்கும் போயின. சூடாக உருக்கி ஏற்றினால் உள்ளே போய் உறையும். விலையும் மலிவு.

கொஞ்ச வருஷத்திலேயே விஷயம் வெளியே வந்தது. மெழுகு இருந்த இடத்தில் இருக்கவில்லை. நகர்ந்தது, கட்டி கட்டியானது, சில பேருக்குப் புண்ணானது. கிளாடிஸ் டீக்கன் கதை உலகப் பிரசித்தம். ஐரோப்பாவே வியந்த பேரழகி. 1903 வாக்கில், இருபது வயதைத் தாண்டிய புதிதில், மூக்கின் கோடு இன்னும் நேராக இருக்க வேண்டும் என்று பாரஃபின் ஏற்றிக்கொண்டார். அது நாளாக ஆக கீழே இறங்கி முகத்தையே கெடுத்தது. 1921ல் மார்ல்பரோ கோமகனை மணந்து கோமகளும் ஆனார். ஆனால் அந்த மெழுகை வெளியே எடுக்க யாராலும் முடியவில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் திரவ சிலிக்கோன் வந்தது. ஜப்பானில் தொடங்கி அமெரிக்கா வரை பரவியது. அதே ஆசை, அதே முடிவு. போட்ட அன்று பிரமாதம், பல வருஷம் கழித்துக் கட்டி. உடம்பை மாற்றி அமைக்க சிலிக்கோன் ஊசி போட்டுக்கொள்ள வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017ல் கூட எச்சரிக்க வேண்டியிருந்தது.

ஏன் இப்படி ஆகிறது? பொருள் கெட்டது என்பது பாதிப் பதில்தான். முகம் ஒரே இடத்தில் நிற்பதில்லை என்பது மீதிப் பாதி. வயது ஏற ஏற எலும்பு தேய்கிறது, கொழுப்பு குறைகிறது, தோல் தளர்கிறது. முப்பது வயதில் நிரந்தரமாக வைத்தது, அறுபது வயது முகத்தில் அந்நியமாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

1981ல் எஃப்.டி.ஏ. அனுமதித்த கொலாஜன் ஊசி இந்த வரிசையில் முதல் நல்ல திருப்பம். மாட்டுத் தோலில் இருந்து எடுத்தது. சில பேருக்கு ஒவ்வாமை வரும் என்பதால் முதலில் கையில் கொஞ்சம் போட்டு, வாரக்கணக்கில் காத்திருந்து பார்ப்பார்கள். சில மாதத்தில் கரைந்துவிடும். அன்றைக்கு அதைக் குறை என்றார்கள். எனக்கென்னவோ அதுதான் அதன் நல்ல குணம் என்று படுகிறது.

இன்று பெரும்பாலும் போடுவது ஹயலுரானிக் அமிலம். பெயர்தான் பயமுறுத்தும். நம் தோலிலும் மூட்டிலும் கண்ணிலும் இயல்பாகவே இருப்பது, தண்ணீரைப் பிடித்து வைப்பது. 1934ல் கார்ல் மேயரும் ஜான் பாமரும் மாட்டுக் கண்ணில் இருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். பிறகு எண்ட்ரே பலாஷ் என்ற விஞ்ஞானி, சேவல் கொண்டையில் இருந்து (ஆமாம், கொண்டைதான்!) சுத்தமாக எடுத்து, கண் அறுவைக்குப் பயன்படும்படி ஆக்கினார். அப்புறம் ஸ்வீடனில் பாக்டீரியாவை வைத்துத் தயாரித்து, சீக்கிரம் கரையாதபடி அதன் இழைகளைப் பின்னினார்கள். அதுதான் ரெஸ்டிலேன். 1996ல் ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்தது. 2003 டிசம்பரில் அமெரிக்காவும் அனுமதித்தது.

இதில் புதுமை ஒன்று உண்டு. பிடிக்கவில்லையா, அதிகமாகிவிட்டதா, ஹயலுரானிடேஸ் என்ற நொதியை ஊசியில் போட்டுக் கரைத்துவிடலாம். கிளாடிஸ் டீக்கனுக்குக் கிடைக்காதது இதுதான். வைத்ததைத் திருப்பி எடுக்கும் வழி வந்த பிறகுதான், டாக்டர்கள் கொஞ்சம் வைத்துப் பார்த்து மாற்றவும் முடிந்தது. 2007ல் ரோரிச், பெஸ்ஸா என்ற இருவர், முகக் கொழுப்பு ஒரே படலமாக இல்லை, தனித்தனி அறைகளாக இருக்கிறது என்று காட்டினார்கள். ஒவ்வோர் அறையும் ஒவ்வொரு விதமாக வற்றும். அதனால் சுருக்கத்தைத் தேடித் தேடி நிரப்புவதை விட, எந்த அறை வற்றியதோ அங்கே கொஞ்சம் வைத்தால் முகம் தானாக அமைந்துவிடும். "செஞ்ச மாதிரி தெரியாமல்" இருப்பதன் ரகசியம் பெரும்பாலும் இவ்வளவுதான்.

இந்தக் கதையில் நம்ம ஊருக்கும் ஒரு பக்கம் உண்டு. படித்தபோது மனதைப் பிசைந்தது. 1986ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டுபிடித்தார்கள். 2004 ஏப்ரலில் அரசு இலவச மருந்து கொடுக்கத் தொடங்கியபோது தாம்பரம் ஆஸ்பத்திரியும் முதல் மையங்களில் ஒன்று. அந்தக் காலத்து மலிவு மருந்துகளில் ஸ்டாவுடின் முக்கியமானது. உயிரைக் காப்பாற்றியது. ஆனால் பல பேருக்குக் கன்னத்துக் கொழுப்பைக் கரைத்தது. வாய் திறந்து சொல்லாத ரகசியத்தை முகம் தெருவுக்கே சொல்லிவிடும் நிலைமை. 2009ல் உலக சுகாதார நிறுவனம் ஸ்டாவுடினைப் படிப்படியாக நிறுத்தச் சொன்னது. இப்படி வற்றிய எச்.ஐ.வி. நோயாளிகளின் கன்னத்துக்காகவே ஒரு ஃபில்லரை 2004ல் எஃப்.டி.ஏ. அனுமதித்திருந்தது. இலவச மருந்துக்கு வரிசையில் நின்றவர்களுக்கு அது எட்டியிருக்குமா? ஃபில்லர் என்றாலே பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று நினைத்திருந்த எனக்கு, அந்தக் கன்னங்களை நினைத்ததும் அக்காவிடம் சிரித்தது உறுத்தியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவை ஃபோர்ட் கொச்சிக்குக் கதகளி பார்க்கக் கூட்டிப் போனேன். அங்கே ஆட்டத்துக்கு முன்னாடியே போனால் முகம் எழுதுவதையும் பார்க்கலாம். பச்சை வேஷக்காரருக்குத் தாடையைச் சுற்றி வெள்ளையாகச் சுட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். முன்பெல்லாம் அரிசி மாவும் சுண்ணாம்பும் குழைத்து அடுக்கடுக்காக ஏற்றுவார்களாம், இப்போது காகிதமும் சேர்கிறது. பெண் வேஷத்துக்கும் முனிவர்களுக்கும் சுட்டி கிடையாது. மினுக்கு என்று மிதமான பூச்சு, அவ்வளவுதான். அக்கா என் காதில் சொன்னாள், "எனக்கு மினுக்கு போதும்டா."

மறுநாள் ஒரு தோல் மருத்துவரைப் பார்த்தோம். அவர் முதலில் கேட்டது, இளைப்பதற்கு முன் எடுத்த போட்டோ. "நடிகை போட்டோ வேண்டாம், உங்க போட்டோ காட்டுங்க" என்றார். சர்க்கரை அளவைப் பார்த்தார். பிறகு ஆபத்தையும் மறைக்காமல் சொன்னார். மருந்து தவறி ரத்தக்குழாயில் போனால் தோல் அழுகலாம், அபூர்வமாகப் பார்வையே போகலாம். எஃப்.டி.ஏ. 2015ல் இதைப் பற்றித் தனியாக எச்சரித்திருக்கிறது. அதனால் கரைக்கும் நொதியைக் கையில் வைத்திருக்காத இடத்தில் போடவே கூடாது என்றார். அழகு நிலையத்தில் வேண்டாம். ஊசியில்லாமல் அழுத்தி ஏற்றும் பேனாக்களும் வேண்டாம் (2021ல் இதற்கும் எச்சரிக்கை வந்தது). நம் நிறத் தோலில் ஊசிக் காயம் கருந்தடமாக நிற்கலாம் என்பதால் கல்யாணத்துக்கு ஒரு மாதமாவது இருக்க வேண்டும். முதலில் பாதி அளவு, இரண்டு வாரம் கழித்துப் பார்த்து மீதி.

அக்கா பாதியோடு நிறுத்திக்கொண்டாள். மீதிக்கு அவர் கூப்பிட்டும் போகவில்லை.

கல்யாணத்தில் யாரும் எதுவும் கேட்கவில்லை. பந்தியில் சித்தி மட்டும் அக்கா கன்னத்தைக் கிள்ளிவிட்டு, "இப்பத்தான்டி பழைய ஆளா இருக்க. கவலையெல்லாம் தீர்ந்துதுல்ல" என்றாள். அக்கா என்னைப் பார்த்தாள். நான் இலையில் இருந்த அப்பளத்தைப் பார்த்தேன் :)

அது ஒரு வருஷத்துக்குள் கரைந்துவிடுமாம். "மறுபடி போடுவியா?" என்று போன வாரம் போனில் கேட்டேன். "கல்யாணம்தான் முடிஞ்சிருச்சே" என்றாள்.