திறந்த ஒயின் பாட்டிலை இன்றைக்கே முடித்தாக வேண்டுமா? ஆக்சிஜன் கணக்கு என்ன சொல்கிறது?

பெங்களூருவிலோ புனேவிலோ ஒரு வெள்ளிக்கிழமை இரவு. இரண்டு பேர், ஒரு பாட்டில் ஒயின். ஆளுக்கு ஒரு கிளாஸ் ஆனதும் யாராவது ஒருத்தர் அந்த வசனத்தைச் சொல்லிவிடுவார்: "திறந்தாச்சு, இனி வெச்சா கெட்டுடும். முடிச்சிடலாம்."

இந்த வசனத்துக்கு ஒரு விலை இருக்கிறது. வழக்கமான பாட்டில் 750 மி.லி. அதில் 13 சதவீதம் ஆல்கஹால் என்று வைத்துக்கொண்டால், சுத்தமான ஆல்கஹால் மட்டும் 77 கிராம் வரும். உலக சுகாதார நிறுவனம் பயன்படுத்தும் 'ஸ்டாண்டர்ட் டிரிங்க்' அளவு 10 கிராம். அதாவது ஒரு பாட்டிலில் ஏறத்தாழ எட்டு டிரிங்க். ஆல்கஹாலில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கிடையாது என்று அதே நிறுவனம் 2023 ஜனவரியில் சொல்லிவிட்டது. ஆனாலும் மூன்றாவது, நான்காவது கிளாஸை நாம் ஊற்றுவது பல நேரம் ஆசையால் இல்லை, வீணாகிவிடுமே என்ற கவலையால்தான். 1,000 ரூபாய் பாட்டில் என்றால் ஒரு கிளாஸ் 200 ரூபாய். யாருக்குத்தான் சிங்க்கில் கொட்ட மனசு வரும்?

கொட்டவும் வேண்டாம், குடித்து முடிக்கவும் வேண்டாம். சரியாக மூடி வைத்தால் பெரும்பாலான ஒயின்கள் மூன்று நாலு நாள் நன்றாகவே தாங்கும். எப்படி என்று புரிய, பாட்டிலுக்குள் இருக்கும் காற்றைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பாதி பாட்டிலில் எவ்வளவு ஆக்சிஜன்?

காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன். நம் ஊர் அறை வெப்பத்தில் ஒரு லிட்டர் காற்றில் ஏறக்குறைய 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கும். பாட்டிலில் பாதியைக் குடித்துவிட்டு மீதியை மூடி வைத்தால், ஒயினுக்கு மேலே 375 மி.லி. காற்று. அதில் சுமார் 100 மில்லிகிராம் ஆக்சிஜன்.

இது அதிகமா, குறைவா? ஒயினுக்குள் இருக்கும் காவல்காரரோடு ஒப்பிட்டால் தெரியும். லேபிளில் 'சல்ஃபைட் உள்ளது' என்று போட்டிருப்பார்களே, அதுதான் அந்தக் காவல். ஒரு கிலோவுக்கு 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் லேபிளில் சொல்லியாக வேண்டும் என்பது எஃப்எஸ்எஸ்ஏஐ விதி. (ஆஸ்துமா இருப்பவர்களில் சிலருக்கு சல்ஃபைட் ஒத்துக்கொள்ளாது என்பதால் இந்த எச்சரிக்கை. மற்றவர்கள் அதைப் பார்த்து மிரள வேண்டியதில்லை.) பாட்டிலில் அடைக்கும்போது ஒரு லிட்டருக்கு 20 முதல் 40 மில்லிகிராம் வரை சல்ஃபர் டை ஆக்சைடு வேலை செய்யத் தயாராக இருக்கும். உங்கள் பாதி பாட்டிலில் தோராயமாக 11 மில்லிகிராம். வேதியியல் கணக்குப்படி 1 மில்லிகிராம் ஆக்சிஜனைச் சமாளிக்க 4 மில்லிகிராம் சல்ஃபர் டை ஆக்சைடு வேண்டும். 100-க்கு 400. கையில் இருப்பது 11. காவல்காரர் கதை அவ்வளவுதான்.

ஆனால் இந்த 100 மில்லிகிராமும் ஒரேயடியாக ஒயினுக்குள் இறங்கிவிடாது. ஒரு நேரத்தில் ஒயினில் கரையக்கூடிய ஆக்சிஜன் லிட்டருக்கு 8 மில்லிகிராம் அளவுதான். கரைந்தது வினையில் தீர்ந்த பிறகுதான் அடுத்தது இறங்கும். நமக்குக் கிடைக்கும் அவகாசம் இந்த இடைவெளிதான்.

உள்ளே இறங்கிய ஆக்சிஜன் என்ன செய்கிறது?

வாழைக்காயை நறுக்கித் தண்ணீரில் போடாமல் விட்டால் கறுக்கும் இல்லையா, கிட்டத்தட்ட அதே விஷயம்தான். இரண்டிலும் மாட்டுவது பாலிஃபீனால் என்ற பொருள்கள். வாழைக்காயில் ஒரு நொதி இந்த வேலையைச் செய்கிறது. ஒயினில் அதைத் தொடங்கி வைப்பது அதில் மிக நுண்ணிய அளவில் கலந்திருக்கும் இரும்பும் செம்பும். வினையின் நடுவே ஹைட்ரஜன் பெராக்சைடு உருவாகிறது. அது, இரும்பின் துணையோடு, ஆல்கஹாலை அசிட்டால்டிஹைடாக மாற்றுகிறது. அடிபட்டுக் கனிந்துபோன ஆப்பிள் வாசனை அடிக்கிறதென்றால் அதன் வேலை. பழ வாசனை மங்கும். வெள்ளை ஒயின் பழுப்பு ஏறும், சிவப்பு ஒயின் செங்கல் நிறத்துக்குப் போகும்.

புளித்து வினிகர் ஆவது வேறு கதை, பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். அது பாக்டீரியாவின் வேலை. காலையில் இறக்கிய கள்ளை மறுநாள் வரை திறந்து வைத்தால் சுரீர் என்று புளிக்குமே, அதில் கை வைக்கும் அதே அசிட்டிக் பாக்டீரியா இங்கேயும் உண்டு. அதற்கும் ஆக்சிஜன் வேண்டும். 1863-ல் பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் ஒயின் ஏன் கெடுகிறது என்று பார்க்கச் சொன்னபோது லூயி பாஸ்டர் இதைத்தான் தோண்டினார். ஒயினைக் கண்ணாடிக் குழாய்களில் காற்றோடும் காற்றில்லாமலும் அடைத்து வைத்து ஒப்பிட்டார். 1866-ல் புத்தகமாகவும் போட்டார்.

இந்த மாற்றம் எல்லா நேரமும் கெட்டது என்று சொல்லிவிட முடியாது. போர்ச்சுகலின் மதெய்ரா, ஸ்பெயினின் ஒலொரோசோ ஷெர்ரி ஆகியவற்றை வேண்டுமென்றே காற்றுபட வளர்க்கிறார்கள். இப்படி முதிர்ந்த ஒயின்களில் சோடோலோன் என்றொரு வாசனைப் பொருள் உண்டாகும். நம் வீட்டு வெந்தயத்துக்கு அந்த வாசனையைத் தருவதும் இதே சோடோலோன்தான்.

'கொஞ்சம் மூச்சு விடட்டும்' என்பது உண்மையா?

கார்க்கை எடுத்துவிட்டு அரை மணி நேரம் மேஜையில் வைப்பதை ஒயினை 'மூச்சு விட' வைப்பது என்கிறார்கள். பாட்டில் கழுத்தின் உள் விட்டம் சுமார் 1.8 செ.மீ. காற்று படும் பரப்பு 3 சதுர செ.மீ.கூட வராது. அந்த அரை மணியில் ஒன்றும் நடக்காது. அகலமான டிகாண்டரில் ஊற்றினால் பரப்பு நூறு மடங்கு ஆகிறது, ஊற்றும்போதே காற்றும் கலக்கிறது. அடர்த்தியான இளம் சிவப்பு ஒயினுக்கு அது உதவும். டிகாண்டர் இல்லாவிட்டால் கிளாஸில் ஊற்றிச் சுழற்றுங்கள், போதும்.

இதே பரப்புக் கணக்கில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. பாட்டிலைப் படுக்க வைக்க வேண்டும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது கார்க் காயாமல் இருக்க, திறக்காத பாட்டிலுக்கு. திறந்த பிறகு நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும். நின்றால் ஏறக்குறைய 40 சதுர செ.மீ. காற்றைத் தொடும். பாதி பாட்டிலைப் படுக்க வைத்தால் அதைப்போல மூன்று மடங்குக்கு மேல்.

சரி, என்னதான் பண்ணலாம்?

முதலில் ஃப்ரிட்ஜ். வெள்ளையோ சிவப்போ, வித்தியாசம் பார்க்க வேண்டாம். 'சிவப்பு ஒயினை ரூம் டெம்பரேச்சரில் வைக்கணும்' என்பது ஐரோப்பாவில் 16, 18 டிகிரியில் இருந்த கல் வீடுகளுக்குச் சொன்னது, மே மாதச் சென்னை ஃப்ளாட்டுக்கு அல்ல. வெப்பம் 10 டிகிரி குறைந்தால் வினை வேகம் பாதியாகும் என்பது வேதியியலில் ஒரு தோராய விதி. 30 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்குப் போனால் ஐந்து மடங்குக்கு மேல் மெதுவாகும். குளிர்ந்த ஒயினில் ஆக்சிஜன் சற்று அதிகமாகக் கரையும் என்பது நிஜம். ஆனால் வினை மந்தமாவதன் லாபம் அதைவிடப் பெரியது. சிவப்பு ஒயினைக் குடிக்க அரை மணி முன்னால் வெளியே எடுத்து வைத்தால் சரியாகிவிடும்.

அடுத்தது, இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்: சின்ன பாட்டில். திருகு மூடி போட்ட 375 மி.லி. கண்ணாடி பாட்டில் ஒன்றைக் கழுவிக் காய வைத்திருங்கள். பெரிய பாட்டிலைத் திறந்ததும், முதல் கிளாஸ் ஊற்றுவதற்கு முன்பே, பாதியை அதில் மெதுவாக, கழுத்து வரை நிரப்பி மூடிவிடுங்கள். ஊற்றும்போது கொஞ்சம் ஆக்சிஜன் கலக்கத்தான் செய்யும். ஆனால் 375 மி.லி.யில் கரையக்கூடியது 3 மில்லிகிராம்தான். அதன்பின் மேலே காற்றே இல்லை. 100-க்கும் 3-க்கும் உள்ள வித்தியாசம். செலவு பூஜ்யம். இப்படி வைத்தது ஃப்ரிட்ஜில் ஒரு வாரம்கூடத் தாங்கும்.

ஒரு எச்சரிக்கை: வீட்டில் செப்பு வாட்டர் பாட்டில் இருக்கிறதே என்று அதில் ஊற்றிவிடாதீர்கள். ஒயின் அமிலம், செம்பைக் கரைக்கும். செம்பு கெடும் வினையை இன்னும் முடுக்கிவிடும்.

பம்ப், கேஸ், ஊசி

ஆன்லைனில் கிடைக்கும் கை வேக்குவம் பம்ப் காற்றை முழுக்க எடுத்துவிடுவதில்லை. முக்கால்வாசி எடுத்தால்கூட 25 மில்லிகிராம் ஆக்சிஜன் மிச்சம். சும்மா கார்க் போடுவதைவிட மேல், சின்ன பாட்டிலைவிட மட்டம். ஸ்பார்க்ளிங் ஒயினுக்கு அதைப் பயன்படுத்தவே கூடாது, நீங்கள் காசு கொடுத்து வாங்கிய குமிழிகளைத்தான் அது உறிஞ்சும்.

ஆர்கான் வாயு நல்ல தீர்வு. எதனுடனும் வினை புரியாது, காற்றைவிடக் கனம். ஆனால் லேசாக ஒரு அழுத்து அழுத்தினால் போர்வை மாதிரி மூடிக்கொள்ளும் என்று நம்ப வேண்டாம். வாயுக்கள் கலக்கும். உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றும் அளவுக்கு அடிக்க வேண்டும். 2013-ல் வந்த கொராவின் கருவி இன்னும் ஒரு படி மேல். மருத்துவக் கருவிகள் செய்துகொண்டிருந்த கிரெக் லாம்பிரெக்ட் உருவாக்கியது. கார்க்கை எடுக்காமலே ஊசி இறக்கி, ஆர்கானைச் செலுத்தி, ஒயினை வெளியே எடுக்கும். விலையுயர்ந்த ஒயின்களைக் கிளாஸ் கணக்கில் விற்கும் ஓட்டல்களுக்கு அது லாபம். மாதம் ஒரு பாட்டில் வாங்குகிற நமக்கு? என் கணக்கில், கட்டுப்படியாகாது.

ஸ்பார்க்ளிங் பாட்டில் வாயில் ஸ்பூனைச் செருகினால் வாயு போகாது என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. சோதித்துப் பார்த்தவர்கள் பலனில்லை என்று கண்டார்கள். அதற்கென்றே உள்ள இறுக்கமான ஸ்டாப்பர் வாங்குங்கள். அப்போதும் ஒன்றிலிருந்து மூன்று நாள்தான். மற்றபடி வெள்ளை, ரோஸ், சிவப்பு எல்லாம் ஃப்ரிட்ஜில் மூன்றிலிருந்து ஐந்து நாள். டேனின் அதிகமுள்ள சிவப்பு கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். அசல் போர்ச்சுகல் போர்ட் வாரக்கணக்கில் தாங்கும், மதெய்ரா மாதக்கணக்கில். ஆனால் கோவாவில் 'போர்ட்' என்று விற்பதெல்லாம் அந்தப் போர்ட் இல்லை. பெயரை விட்டுவிட்டு லேபிளில் ஆல்கஹால் அளவைப் பாருங்கள். போர்ச்சுகலுடையது 20 சதவீதத்தை ஒட்டி இருக்கும். பை வைத்த பெட்டி ஒயின் கிடைத்தால், ஊற்ற ஊற்றப் பை சுருங்கிக்கொள்வதால் உள்ளே காற்று புகாது, நாலு வாரம் வரை கவலையில்லை.

வெச்சது கெட்டுப்போச்சா என்று எப்படித் தெரியும்?

மூக்குதான் கருவி. பழ வாசனை போய் அடிபட்ட ஆப்பிள் வாசனையோ வினிகர் நெடியோ வந்தால் குடிக்க நன்றாக இருக்காது. அமிலமும் ஆல்கஹாலும் இருப்பதால் நோய்க்கிருமிகள் அதில் வளர்வது கடினம், அதனால் ஒரு வாய் ருசி பார்த்ததற்காகப் பயப்பட வேண்டியதில்லை. லேசாக மங்கியதை ஐஸ் ட்ரேயில் ஊற்றி ஃப்ரீஸரில் வைத்தால், பாஸ்தா சாஸுக்கோ மட்டன் ஸ்டூவுக்கோ இரண்டு கட்டி போடலாம். ஆல்கஹால் இருப்பதால் கல்லாக உறையாது, கொஞ்சம் கொழகொழவென்றுதான் வரும். ட்ரேயைத் தட்டாமல் ஸ்பூனால் நெம்பி எடுங்கள்.