பெயர் இல்லாத வழக்கமும் பெயர் பெற்ற குற்றமும்



தென்னாப்பிரிக்கா பாடம் நடத்தும்போது 'அபார்தைட்' என்று கரும்பலகையில் எழுதிப் போடுவேன், நினைவிருக்கிறதா? தமிழில் 'இனஒதுக்கல்' என்போம். அந்தச் சொல்லைப் பற்றி இன்று கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

அது ஆப்பிரிக்கான்ஸ் மொழிச் சொல். 'அபார்ட்' என்றால் தனி. 'ஹைட்' என்பது நம் 'மை' விகுதி போன்றது. சேர்த்துப் பார்த்தால் 'தனித்திருக்கும் தன்மை'. கேட்பதற்கு எவ்வளவு சாதுவாக இருக்கிறது பாருங்கள்! 1948 தேர்தலில் வென்ற தேசியக் கட்சி தன் கொள்கைக்கு இந்தப் பெயரைத்தான் வைத்துக்கொண்டது. 1950-இல் மக்களை இனவாரியாகப் பதிவு செய்யவும், குடியிருப்புகளைப் பிரிக்கவும் சட்டங்கள் வந்தன. 1953-இல் பொது இடங்களையும் வாகனங்களையும் பிரிக்க ஒரு சட்டம். தனி வசதி சமமாக இருக்க வேண்டியதில்லை என்பதையும் அதிலேயே சேர்த்துவிட்டார்கள்.

நம் பக்கம் வருவோம். போடியிலிருந்து விடியற்காலை ஜீப்பில் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் நெருக்கியடித்து ஒன்றாகத்தான் உட்கார்ந்து போகிறார்கள். காய் எடுத்தது எந்தச் சாதிக் கை என்று ஏலக்காய் வாங்குகிறவர் கேட்பதில்லை. ஆனால் என் சிறுவயதில் மலையடிவார டீக்கடைகளில் சிலருக்கு மட்டும் தனிக் குவளை இருந்தது. குடித்தவரே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போக வேண்டும். அதே டீ, அதே காசு. ஏன் என்று கேட்டால் "வழக்கம்" என்பார்கள்.

தென்னாப்பிரிக்காவில் பிரித்தவர்களே பெயர் வைத்தார்கள். இங்கே பிரித்தவர்கள் பெயரே வைக்கவில்லை. எதிர்த்து நின்றவர்கள்தான் 'இரட்டைக் குவளை முறை' என்று அதைச் சொல்லிக் காட்டினார்கள்.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். அரசியலமைப்பின் 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. ஆனால் அந்தச் சொல்லுக்கு விளக்கம் தரவில்லை. 1955-ஆம் ஆண்டுச் சட்டம்தான் எவையெல்லாம் குற்றம் என்று வரிசையாகச் சொன்னது. உணவகத்தில் பொதுமக்களுக்காக வைத்திருக்கும் பாத்திரத்தைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதும் அதில் ஒன்று. அதன்பிறகும் வழக்கம் ஓயவில்லை. 2011 ஏப்ரலில் உச்சநீதிமன்றம், தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில், இரட்டைக் குவளை முறையைப் பெயர் சொல்லியே கண்டித்தது. அது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம், கடைப்பிடிப்பவர்கள் மீது வழக்குப் போட வேண்டும் என்றது. 'வழக்கம்' என்று சொல்லித் தப்பிக்க இனி வழியில்லை.

அந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989 செப்டம்பரில் வந்தது. அதே மாதம்தான் நம் போடி சாதிக் கலவரத்தில் பற்றி எரிந்தது. உங்களில் பலர் அப்போது பிறந்திருக்கவே மாட்டீர்கள். வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள்.

இப்போது கடைகளில் பேப்பர் கப் வந்துவிட்டது. எல்லாருக்கும் பேப்பர் கப் என்றால் சந்தோஷம். ஒருவருக்குக் கண்ணாடி கிளாஸ், இன்னொருவருக்குப் பேப்பர் கப் என்றால், அதுவும் இரட்டைக் குவளைதான். அதைப் பார்த்தால் சும்மா வந்துவிடாதீர்கள் பிள்ளைகளா. "இது என்ன முறை?" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

உங்கள் ஊரில் இருந்ததை, இப்போதும் இருப்பதைக் கீழே எழுதுங்கள். எல்லாவற்றையும் படிப்பேன்.