கருனிக் கூறு

கருனிக் கூறு என்பது லினக்சு இயங்குதளத்தின் மையப் பகுதியாகிய கருனியுடன், கணினி இயங்கிக் கொண்டிருக்கும்போதே சேர்க்கவும் நீக்கவும் கூடிய நிரற்பகுதி ஆகும். இது கெர்னல் மாட்யூல் என்றும் அழைக்கப்படுகின்றது. வன்பொருள் இயக்கிகள், கோப்பு முறைமைகள், பிணைய நெறிமுறைகள் முதலியன பெரும்பாலும் இவ்வாறே அமைந்துள்ளன. வழங்கிக் கணினி ஒன்றில் ஏற்றப்பட்டுள்ள கூறுகளுள் பலவற்றை அதன் நிருவாகி தாமே கேட்டிருக்க மாட்டார். அவை ஏன் வந்தன என்பதை அறிவது பாதுகாப்புக்கு இன்றியமையாதது.

ஏற்றப்படும் வழிகள்

கணினி தொடங்கும்போது ஒவ்வொரு வன்பொருளும் தன் அடையாள எண்ணைக் கருனிக்குத் தெரிவிக்கின்றது. யூடெவ் என்னும் நிரல் அவ்வெண்ணுக்குப் பொருந்தும் கூறினைத் தேடி ஏற்றுகின்றது. ஒரு கூறு மற்றொன்றைச் சார்ந்திருப்பின் அதுவும் உடன் வரும். இவையன்றி, பயன்பாட்டு நிரல் ஒன்று புதிய நெறிமுறையைக் கேட்டாலும் கருனி தானே உரிய கூறினை ஏற்றிக்கொள்ளும். தீயரணின் முகவரி மாற்றப் பட்டியலைப் பார்வையிடும் ஐபிடேபிள்ஸ் கட்டளைகூட அதற்குரிய கூறுகளை ஏற்றிவிடுகின்றது. பார்ப்பது மட்டுமே நோக்கமாயினும் வழங்கியின் நிலை மாறிவிடுவது பலருக்கும் வியப்பளிக்கும்.

காரணத்தைக் கண்டறிதல்

எல்எஸ்மாட் என்னும் கட்டளை ஏற்றப்பட்ட கூறுகளைப் பட்டியலிடுகின்றது. கூறின் பெயர், பைட்டுகளில் அதன் அளவு, பயன்பாட்டு எண்ணிக்கை, அதனைச் சார்ந்துள்ள பிற கூறுகள் ஆகியவை இதில் காணப்படும். இறுதியாக ஏற்றப்பட்டது பட்டியலில் முதலில் நிற்கும். எனவே பட்டியலின் வரிசையே கால வரிசையாகவும் பயன்படுகின்றது. மாட்இன்போ கட்டளை ஒரு கூறின் விளக்கத்தையும் சார்புகளையும் தருகின்றது. டிமெசக் கட்டளை காட்டும் கருனிப் பதிவேட்டில் பல கூறுகள் தாம் ஏற்றப்பட்ட நேரத்தை விட்டுச்செல்கின்றன. அந்நேரத்தில் வழங்கியில் என்ன நடந்தது என்று பார்த்தால் காரணம் பெரும்பாலும் புலப்படும்.

டெபியன், உபுண்டு வழங்கிகளில் அடிக்கடி எழும் ஐயம் ஒன்று இதற்குத் தக்க எடுத்துக்காட்டு ஆகும். எக்ஸ்எப்எஸ், ஜேஎப்எஸ், மினிக்ஸ், எச்எப்எஸ்பிளஸ், கியூஎன்எக்ஸ்4 என, அவ்வழங்கியில் எங்குமே பயன்படாத கோப்பு முறைமைகளின் கூறுகள் ஒருங்கே பட்டியலின் தலைப்பில் தோன்றும். அவற்றின் பயன்பாட்டு எண்ணிக்கை சுழியமாக இருக்கும். ஊடுருவல் நிகழ்ந்துவிட்டதோ என்று நிருவாகி அஞ்சுவது இயல்பே. பதிவேட்டின் நேரத்தை ஒப்பிட்டால், சற்று முன்னர் கருனி இற்றைப்படுத்தப்பட்டிருப்பது தெரியவரும். அப்போது தொடக்கப் பட்டியலை மாற்றியமைக்கும் கிரப், ஓஎஸ்-புரோபர் என்னும் நிரலை இயக்குகின்றது. வட்டில் வேறு இயங்குதளம் உள்ளதா எனத் தேடும் இந்நிரல், எந்தக் கோப்பு முறைமையையும் படிக்க ஆயத்தமாக அக்கூறுகள் அனைத்தையும் முன்கூட்டியே ஏற்றிவிடுகின்றது.

இத்தேடல் பயனற்றது அன்று. தமிழ்நாடு அரசு 2011ஆம் ஆண்டு தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் கடலூர், சிதம்பரம் உட்பட மாநிலமெங்கும் மாணவர்களுக்கு விண்டோசும் பாஸ் லினக்சும் ஒருங்கே நிறுவப்பட்ட கணினிகள் வழங்கப்பட்டன. பாஸ் லினக்சு, சென்னை சி-டாக் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கியது. இத்தகைய இரட்டை இயங்குதளக் கணினியில் மற்றோர் இயங்குதளத்தைக் கண்டறிவது தேவையே. ஒரே இயங்குதளம் கொண்ட வழங்கியில்தான் அதற்கு வேலையில்லை. 2021இல் வெளிவந்த கிரப் 2.06 பதிப்பு முதல் இத்தேடல் இயல்பாக முடக்கப்பட்டுள்ளது.

பாதுகாப்பு

ஏற்றப்பட்ட ஒவ்வொரு கூறும் கருனியின் முழு அதிகாரத்துடன் இயங்குகின்றது. டிசிசிபி என்னும், மிக அரிதாகவே பயன்பட்ட நெறிமுறையின் கூறில் 2005 முதல் இருந்த பிழை ஒன்று 2017இல் வெளிப்பட்டது. சாதாரணப் பயனர் ஒருவர் அந்நெறிமுறையைக் கேட்ட மாத்திரத்தில் கூறு தானே ஏறிக்கொள்ளும். அதன் வழியே அவர் முழு நிருவாக அதிகாரமும் பெற இயன்றது.

நீக்குதல்

பயன்பாட்டு எண்ணிக்கை சுழியம் என்பதால் மட்டும் ஒரு கூறினை நீக்கலாகாது. பிணைய அட்டையின் இயக்கி முழுவீச்சில் இயங்கும்போதும் பெரும்பாலும் சுழியத்தையே காட்டும். கருனியும் அதை நீக்கத் தடை சொல்லாது. சிதம்பரத்தில் இருந்தபடி கடலூர் வழங்கியில் அதை நீக்குபவர், இணைப்பு அறுந்து, நாற்பது கிலோமீட்டருக்கு மேல் நேரில் செல்ல வேண்டியவராவார்.

மாட்புரோப் அமைப்புக் கோப்பில் ஒரு கூறினைக் கருப்புப் பட்டியலில் சேர்ப்பது, வன்பொருள் அடையாளத்தின் வழி தானாக ஏறுவதை மட்டுமே தடுக்கும். பெயரைச் சொல்லி அழைத்தால் அது ஏறிவிடும். அதையும் தடுக்க, கூறினை ஏற்றும் கட்டளைக்குப் பதிலாக எப்போதும் தோல்வியடையும் கட்டளை ஒன்றை அக்கோப்பில் குறிக்க வேண்டும். 2009இல் வெளியான 2.6.31 பதிப்பு முதல், தேவையானவை ஏறிய பின்னர் புதிய கூறுகள் ஏறுவதை முழுவதுமாக நிறுத்தும் வசதியும் கருனியில் உள்ளது. ஒருமுறை நிறுத்தினால், கணினியை மறுதொடக்கம் செய்யும் வரை அதனை மாற்ற இயலாது.